மேயரம்மாவின் பச்சைப் பொத்தான்

ஹமிஷ் டன்ஸ்மோர் காலுறை போடாமல் ஷூ போடுகிறவன். சிட்னியில் அது நாகரிகமாக இருக்கலாம். யாரம்பில் ஊரில், நிழலிலேயே நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிற ஜனவரியில், அது பக்கத்து மேசைக்காரர்களுக்குச் செய்கிற அநியாயம். அவன் அறை வாசலை ஒட்டிய மேசை மார்னி கெல்லஹருடையது.

மார்னி ஊர் மன்றத்தின் இணையதளத்தைப் பல வருடங்களாகக் கவனித்து வருபவள். குப்பை வண்டி எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வரும், நாய்க்கு எப்படி உரிமம் வாங்குவது, மழை வந்தால் எந்தச் சாலை முழுகும் என்பதையெல்லாம் எவரும் தேடாமல் கண்டுபிடிக்கும்படி பக்கங்களை அமைத்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில் ஒரு குரல்தான் உரக்கப் பேச வேண்டும் என்பது அவள் கட்சி. எது முக்கியமோ அது பெரிதாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு வழிவிட வேண்டும். ஒன்றோடொன்று சேர்ந்தவை அருகருகே, சேராதவை தள்ளி. நிறம் இரண்டு போதும். எழுத்து ஒரே விதம். நடுநடுவே கண் மூச்சு விடுவதற்குக் காலி இடம். இதற்காக யாரும் அவளைப் பாராட்டியதில்லை. சத்தமில்லாமல் திறக்கிற கதவை யார் நின்று பாராட்டுகிறார்கள்? திறந்து உள்ளே போய்க்கொண்டே இருப்பார்கள்.

ஹமிஷ் போன குளிர்காலத்தில் வந்தவன். மக்கள் தொடர்பு இயக்குநர். வந்த முதல் வேலையாகத் தன் அறைக் கதவில் ஒரு பெயர்ப்பலகை மாட்டினான். அதில் நான்கு விதமான எழுத்து, ஐந்து நிறம், மூலையில் கண்ணடிக்கிற ஒரு கங்காரு. மார்னி தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போக வேண்டியிருந்தது. அதனாலேயே அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வேலையாக மார்னியின் பக்கங்களைப் பார்த்தான்.

"இவ்ளோ இடம் சும்மா கெடக்கே. வாடகைக்கு விட்டா நல்லா சம்பாதிக்கலாம் போல" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டான். காலி இடத்தைக் கண்டால் எதையாவது கொண்டுவந்து கொட்டாமல் தூக்கம் வராத ரகம் அவன். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் அலமாரியைத் திறந்தால் சாமான் தலையில் விழும்.

இதையெல்லாம் மார்னி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத நாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கு ஹமிஷ் மேயரையும் கூட்டிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

மேயர் நெரிடா பக்லிக்கு ஊர் நீச்சல் குளத்தின் மேல் என்ன கோபம் என்பது ஊருக்கே தெரியும். அந்தக் குளம் ஊர்க்காரர்கள் வார இறுதிகளில் கூடி, தாங்களே மண் தோண்டி, தாங்களே சிமென்ட் குழைத்துக் கட்டியது. அதை முன்னின்று நடத்திய அந்தக் கால மேயரின் பெயர் வாசல் கல்லில் பொறித்திருக்கிறது. அந்த மனிதரின் மகன்தான் ஒவ்வொரு தேர்தலிலும் நெரிடாவை எதிர்த்து நிற்பவர். குளத்தை மூடி மண்ணடித்து, அதன் மேல் தரையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்கிற ஒரு நீர்ப்பூங்கா கட்டினால் புதுக் கல் வைக்கலாம். புதுக் கல்லில் புதுப் பெயர் வரும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு அந்த அம்மாள் வைத்த பெயர் "எதிர்காலம்".

"மார்னி, ஜனங்ககிட்ட ரெண்டு வாரம் கருத்து கேட்டாகணும்னு சட்டம்" என்று ஹமிஷ் ஆரம்பித்தான். "ஒரு பக்கம் போடு. ஒண்ணு, குளத்தை மூடிட்டு நீர்ப்பூங்கா கட்டலாம். இன்னொண்ணு, வேண்டாம், குளமே இருக்கட்டும். அவ்ளோதான்."

"சரி. ரெண்டு பட்டனும் ஒரே அளவுல, பக்கத்துல பக்கத்துல வச்சுடறேன்."

"அங்கதான் நீ தப்பு பண்றே!" ஹமிஷ் விரலை ஆட்டினான். "முதல் பட்டன் பெருசா, பச்சையா, பக்கத்தோட உச்சியில. அதைச் சுத்திப் பெட்டி, படம், எல்லாம் தாம்தூம்னு இருக்கணும். ரெண்டாவதுக்குப் பட்டனே கிடையாது. சாதா எழுத்துல ஒரு வரி. கீழே."

"கீழேன்னா?"

"தனியா. பக்கத்துல ஒண்ணும் வைக்காதே. சுத்தி நல்லா காலியா விட்டுடு. யாரும் சீந்தாத அநாதை மாதிரி நிக்கணும் அது."

மேயர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "இதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல பாரு. ரெண்டுந்தான் இருக்கே. அதுவுமில்லாம, இணையப் பக்கத்துல எது ஜாஸ்தி வருதோ அதுதான் முடிவுன்னு மன்றத்துல எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணியிருக்கேன். நான் சொன்ன சொல்லை மாத்த மாட்டேன்."

"என் வீட்டுக்காரர் அந்தக் குளத்துக்குத் தினமும் போறவர், மேயரம்மா" என்றாள் மார்னி. சொல்லாமல் இருந்திருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"ஏன், உங்க வீட்டுல ஷவர் இல்லியா?" என்று கேட்டுவிட்டு மேயர் கிளம்பிப் போனார். ஹமிஷ் அதற்கும் சிரித்தான்.

மார்னியின் கணவன் ராய்ஸ் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் தொழிலில் பதினாறு வயதில் இறங்கியவன். குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுக்க ஆடுகளைக் காலிடையே பிடித்துக் கத்தரிக்கிற வேலை. ஒருநாள் கொட்டகையில் குனிந்தவனால் நிமிர முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் தரையில் நிமிரவே இல்லை. இன்றைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆட்டின் மேல் குனிந்திருப்பவன் போலத்தான் நடப்பான். மாத்திரை, ஊசி, அறுவை எல்லாம் பார்த்தாயிற்று. வலி குறைந்து அவன் முதுகு நேராவது ஒரே ஓர் இடத்தில்தான். மார்பளவு தண்ணீரில். அடுத்த குளம் ஒன்றரை மணி நேரக் கார் ஓட்டம். காரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தால், தண்ணீர் கொடுத்ததையெல்லாம் அந்த இருக்கை பிடுங்கிக்கொள்ளும். குளம் போனால் ராய்ஸின் முதுகும் போயிற்று. இது மார்னிக்குத் தெரியும், ராய்ஸுக்குத் தெரியும். மேயருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை.

மறுநாள் காலை குளத்தின் சிமென்ட் படியில் உட்கார்ந்துகொண்டு மார்னி எல்லாவற்றையும் ராய்ஸிடம் சொன்னாள். அவன் தண்ணீரில் இறங்குவதற்கு முன், படியோரம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான்.

"வேலையை விட்டுடறேன்" என்றாள்.

"விட்டா? வேற எவனாவது வந்து அதே பக்கத்தைப் போடுவான். இதைவிடக் கேவலமா போடுவான்."

"உன் குளத்தை மூடற பக்கத்தை நானே செய்யணுமாடா?"

சங்கடமான நேரத்தில் ராய்ஸ் மழை வருமா என்று பார்ப்பான். கைபேசியை எடுத்து வானிலைப் பக்கத்தைத் திறந்தான். பக்கத்தின் உச்சியில், திரையில் பாதியை அடைத்துக்கொண்டு, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய பெட்டி பளிச் பளிச்சென்று மின்னியது. அவன் கட்டைவிரல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய், கீழே சின்ன எழுத்தில் கிடந்த ஒரு வரியில் போய் நின்றது.

"வியாழக்கிழமை வரைக்கும் ஒரு சொட்டு இல்ல" என்றான்.

மார்னி அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல ஒரு பெட்டி மின்னுச்சே, அதுல என்ன விக்கறாங்க?"

"எந்தப் பெட்டி?"

"இப்பத்தான்டா தாண்டிப் போனே. உன் உள்ளங்கை அளவு இருந்துச்சு!"

"விளம்பரமா இருக்கும். அதையெல்லாம் எவன் பார்க்கறான்?" என்று சொல்லிவிட்டு ராய்ஸ் கைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். நான்கு எட்டு வைத்ததும் அவன் தோள்கள் மேலே வந்தன. முதுகு நேரானது.

மார்னிக்குச் சிரிப்பு வந்தது. தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான், ஆத்திரத்தில் மறந்துபோயிருந்தாள். பல வருடமாக மின்னுகிற பெட்டிகளைத் தாண்டித் தாண்டி ஜனங்களின் கண் தேறிவிட்டது. பெட்டி போட்டு, படம் போட்டு, கத்துகிற எதுவும் நமக்கு எதையோ விற்க வந்தது என்று மூளை முடிவு கட்டி, பார்ப்பதற்கு முன்பே ஒதுக்கிவிடுகிறது. சாதாரண எழுத்தில், சுற்றிலும் காலி இடத்தோடு, அமைதியாக நிற்கிற வரியில்தான் கண் போய் உட்காரும். அதைத்தான் ஹமிஷ் குளத்துக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறான், அதுவும் தன் வாயாலேயே.

ஆனாலும் அவள் நேர்மையான வேலைக்காரி. அலுவலகத்துக்குப் போனதும் உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"ஹமிஷ், ஒரு விஷயம். அவ்ளோ பெருசா, பெட்டி போட்டு, படம் போட்டு வச்சா ஜனங்க கண்ணுல படாது. விளம்பரம்னு நெனச்சுத் தாண்டிப் போயிடுவாங்க."

ஹமிஷ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"பெருசா இருந்தா கண்ணுல படாதா? மார்னி, உனக்கு வெயில் ஒத்துக்கலை. நான் சிட்னியில சோப்பு வித்தவன், பஸ் பூராவும் சோப்பு ஒட்டினவன். நீ நாய் உரிமத்துக்குப் பக்கம் போட்டவ. எது கண்ணுல படும்னு நீ எனக்குச் சொல்லித் தரப்போறியா?"

"சரி. சொல்லலைன்னு நாளைக்குச் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன். இன்னும் பெருசா போடு."

போட்டாள். அவன் கேட்டதையெல்லாம் போட்டாள். பச்சைப் பொத்தானைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் கட்டம் கேட்டான், வந்தது. கட்டத்துக்கு நிழல் கேட்டான், வந்தது. நிழலுக்கு இன்னொரு நிழல் கேட்டான்; சூரியன் இரண்டு திசையில் அடிக்கிற மாதிரி அதுவும் வந்தது. எங்கிருந்தோ ஒரு படம் வாங்கி வந்தான். பற்பசை விளம்பரத்துக்குப் பிறந்த மாதிரி நான்கு குழந்தைகள், பின்னால் தென்னை மரம், அதற்குப் பின்னால் கடல். இந்த ஊரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். தென்னையை ஊரில் பாதிப் பேர் நேரில் பார்த்ததில்லை. "ஜனங்களுக்கு ஒரு கனவு காட்டணும்" என்றான் ஹமிஷ். பிறகு எழுத்து சாதுவாக இருக்கிறது என்று மூன்று விதமாக மாற்றச் சொன்னான், அதில் ஒன்று வளைந்து வளைந்து ஓடியது. கடைசியில் ஓர் அம்பு கேட்டான்.

"பட்டனைக் காட்டற மாதிரி. மின்னணும்."

"மெதுவாவா, வேகமாவா?"

"வேகமா! கண்ணு கூசணும்!"

அவன் சொல்லச் சொல்ல மார்னி தலையாட்டினாள். ஒவ்வொரு தடவையும் "இது தேவையா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் அவளை ஊர்க்காரியைப் பார்க்கிற பார்வை பார்த்தான். கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துப்போயிற்று. தான் கற்ற அத்தனை விதியையும் அந்த ஒரு பெட்டிக்குள் போட்டு மிதித்தாள்.

கீழே, எல்லாச் சத்தமும் ஓய்ந்த இடத்தில், வெள்ளைப் பரப்பின் நடுவில், கறுப்பு எழுத்தில் இரண்டு வாக்கியம்: "நீச்சல் குளம் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். இதுவே உங்கள் கருத்தானால் இங்கே அழுத்தவும்." எழுத்து ஒரே விதம். இடப்பக்கம் நேராக ஆரம்பித்து நேராக முடிந்தது. சுற்றிலும் கைவைக்காத காலி இடம், ஹமிஷ் கேட்டபடியே. அநாதை மாதிரி நிற்கச் சொன்னான். அது ராஜா மாதிரி நின்றது.

ஹமிஷ் பக்கத்தை மேயருக்கு அனுப்பினான். அந்த அம்மாள் அதைத் திறக்காமலேயே கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார். "பார்த்தியா, மேலிடத்துக்கே புடிச்சுப்போச்சு" என்றான் அவன்.

பக்கம் ஊருக்குத் திறந்த மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி வந்தது. கோல்ஃப் மன்றத் தலைவர் கார்த் ஹின்டன். குளத்துக்கு ஊற்றுகிற தண்ணீரைத் தன் புல்லுக்கு ஊற்றினால் ஊர் உருப்படும் என்று வருடக்கணக்காகச் சொல்லிவருகிற பெரியவர்.

"என்னம்மா பக்கம் போட்டு வச்சிருக்கீங்க? குளத்தை மூடுன்னு சொல்றதுக்கு எங்கே அமுக்கணும்? கெடைக்கவே மாட்டேங்குதே!"

"மேலயே இருக்கு பாருங்க, கார்த். பச்சையா, பெருசா."

"மேலயா? மேல ஏதோ கடற்கரை விடுதி விளம்பரம்தானே மின்னுது?"

"விளம்பரம் இல்லீங்க. அதுதான் பட்டன்."

"அதுவா!" மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "நான் குடும்பத்தோட பாலித் தீவுக்குப் போறதுக்குக் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன். என்ன கண்றாவிம்மா இது?"

அவர் அழுத்தும் வரை மார்னி தொலைபேசியை வைக்கவில்லை. இன்னும் சிலர் கூப்பிட்டார்கள். அவர்களுக்கும் பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாள். பிறகு ஹமிஷிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"கெழவனுங்களுக்குக் கண்ணு தெரியலை" என்றான் ஹமிஷ். "இன்னும் பெருசாக்கு."

அவள் இன்னும் பெரிதாக்கினாள். அன்றோடு தொலைபேசி நின்றுபோயிற்று. ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஹமிஷ் மகிழ்ந்தான். தேடுவதையே விட்டுவிட்டார்கள் என்பது அவனுக்கு உறைக்கவில்லை. எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்ற கணக்கு மட்டும்தான் அவன் மேசைக்கு வரும். யார் எதை அழுத்தினார்கள் என்பது மன்றச் செயலரின் பூட்டுக்குள் இருக்கும். திறந்தவர்கள் கூடக் கூட ஹமிஷின் நெஞ்சு விரிந்தது.

ஆனால் வீட்டில் மார்னிக்குச் சோறு இறங்கவில்லை. தன் கணக்கு தப்பினால்? ஒருவேளை ஹமிஷ் சொன்னதுதான் சரியென்றால்? சோப்பு விற்றவனுக்குத் தெரியாத எதையோ, நாய் உரிமத்துக்குப் பக்கம் போட்டவள் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, ராய்ஸின் முதுகை வைத்து விளையாடிவிட்டாளோ? அவன் தினமும் குளத்திலிருந்து வந்து, நனைந்த துண்டைக் கொடியில் போடும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முடிவு சொல்கிற கூட்டம் ஊர் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. மின்விசிறிகள் சூடான காற்றைப் பிசைந்துகொண்டிருந்தன. பின்னால் மேசையில் தேநீர்க் கெண்டியும், தேங்காய்ப் பூ ஒட்டிய லாமிங்டன் கேக்குகளும் இருந்தன. ஊரே வந்திருந்தது. ராய்ஸ் நாற்காலியில் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றான். மார்னி அவன் பக்கத்தில் நின்றாள். மேயர் பச்சை நிறத்தில் புது உடை தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஊர் பேசிடுச்சு" என்று மேயர் ஆரம்பித்தார். "அதைக் கேக்கத்தான் வந்திருக்கோம். எது வந்தாலும் தலைவணங்கி ஏத்துக்கறதுதான் என் வழக்கம்." பிறகு செயலரைப் பார்த்துத் தலையாட்டினார்.

செயலர் எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பத்துப் பேரில் ஒன்பது பேர் குளம் இருக்கட்டும் என்று சொல்லியிருப்பதாக வாசித்தார். ஒருமுறை வாசித்துவிட்டுத் தானே நம்பாமல் இன்னொருமுறையும் வாசித்தார்.

பின்வரிசையில் யாரோ நாற்காலியைத் தட்டினார்கள். மேயரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோய் நின்றது.

"இருக்கவே முடியாது" என்றார். "பக்கத்துல ஏதோ கோளாறு. ஹமிஷ், அதைத் திரையில போடு. எல்லாரும் பார்க்கட்டும்."

ஹமிஷ் கணினியைத் திறந்து புரொஜெக்டரில் மாட்டினான். மேடைச் சுவர் முழுக்கப் பக்கம் விழுந்தது. மேயர் மேடையில் ஏறி, முதன்முதலாக, தன் பக்கத்தைத் தானே பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். இன்னொருமுறை பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"பாருங்க! இந்தா, 'குளம் இருக்கட்டும்'னு கொட்டை எழுத்துல தெளிவா நிக்குது! நம்ம பட்டன் எங்கே? மூடற பட்டனையே காணோம்!" குரல் உயர்ந்தது. மண்டபத்தைத் துழாவிய அவர் கண், சுவரோரம் நின்ற மார்னியிடம் வந்து நின்றது. "இவதான்! இவ புருஷன் அதுல குளிக்கறான்னு பட்டனையே எடுத்துட்டா! என் முன்னாடியே சொன்னா, தினமும் போறவர்னு! இவளை இன்னிக்கே வேலையை விட்டுத் துரத்தணும்!"

அத்தனை தலைகளும் திரும்பின. மார்னி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பக்கத்தில் ராய்ஸ் அவள் கையைப் பிடித்தான்.

"அந்த அம்மா நெத்தியில என்னடி மின்னுது?" என்று மெல்லக் கேட்டான்.

மார்னி பார்த்தாள். மேயர் திரைக்கு நேர் முன்னால் நின்றிருந்தார். பச்சை வெளிச்சம் பச்சை உடையின் மேல் கழுத்திலிருந்து முழங்கால் வரை விழுந்திருந்தது. தென்னை மரம் காதில் முளைத்திருந்தது. மின்னுகிற அம்பு விடாமல் அவர் நெற்றியில் குத்திக்கொண்டிருந்தது. மார்னிக்குப் பயம் போய்விட்டது.

"மேயரம்மா" என்றாள். மண்டபத்தின் கடைசி வரை கேட்டது. "அது எங்கேயும் போகலை. உங்க மேலதான் இருக்கு."

"எது?"

"பட்டன்."

மேயர் தன் உடையைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பினார். கிட்டத்தில் தெரியாமல் இரண்டடி பின்னால் வந்தார். அதுவும் போதாமல் மேடை விளிம்பு வரைக்கும் வந்து, கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்த்தார். அவர் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் பச்சைப் பொத்தான் நின்றது.

"இதுவா?" என்றார். "இது ஏதோ விளம்பரம்தானே?"

முதலில் சிரித்தது கார்த் ஹின்டன். "நானும் அதைத்தாம்மா சொன்னேன்! பாலின்னு நெனச்சேன்!" பிறகு மண்டபம் சிரித்தது. வெயிலில் வெந்து, தேநீருக்கும் கேக்குக்கும் காத்துக்கிடந்த ஊர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செயலர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு பண்ணச் சொன்னது இதை?" மேயர் கத்தினார்.

"ஒவ்வொண்ணும் ஹமிஷ் சொல்லித்தான் போட்டேன். அம்பு, தென்னை மரம், ரெண்டு நிழல், எல்லாம். இவ்ளோ பெருசா வச்சா கண்ணுல படாதுன்னு மொதல்லயே சொன்னேன். பட்டனைக் காணோம்னு ஜனங்க போன் பண்ணாங்கன்னும் சொன்னேன். இன்னும் பெருசாக்குன்னார்."

ஹமிஷ் தன் காலுறையில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேயர் சும்மா விடவில்லை. பட்டன் தெரியாமல் போன ஓட்டு செல்லாது, இங்கேயே கை தூக்குங்கள் என்றார். கார்த் ஹின்டனும் அது நியாயம்தான் என்றார். நீர்ப்பூங்கா வேண்டும் என்பவர்கள் கை தூக்கினார்கள். கார்த்தையும் சேர்த்து முன் இரண்டு வரிசையில் கொஞ்சம் கைகள். குளம் வேண்டும் என்பவர்களைக் கேட்டபோது மண்டபத்தில் மின்விசிறிகளைத் தவிர எல்லாம் கை தூக்கியது. ராய்ஸால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. மார்னி அதைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

பக்கத்தையும் கேட்டாயிற்று, மண்டபத்தையும் கேட்டாயிற்று. எது வந்தாலும் தலைவணங்குவேன் என்று சொன்ன அம்மாள் தலையும் வணங்காமல், தேநீரும் குடிக்காமல், பின்வாசல் வழியாகப் போனார். போகும்போதுகூட அம்பு அவர் முதுகில் மின்னியது.

திங்கட்கிழமை காலை ஹமிஷ் மார்னியின் மேசைக்கு வந்தான். இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்திருப்பான் போலிருந்தது, கண் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று மார்னி நினைத்தாள். கேட்டால் மன்னித்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"தப்பு எங்கேன்னு கண்டுபுடிச்சுட்டேன் மார்னி" என்றான். "உன்மேல குத்தமில்ல, விடு. இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருக்கணும்."

மார்னி அவனைப் பார்த்தாள். அவன் கதவில் கங்காரு கண்ணடித்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வெளியே வந்தாள்.

குளத்தின் வாசலில் பழைய கல் இருந்த இடத்திலேயே இருந்தது. சாதா எழுத்து, சுற்றிலும் காலி இடம். உள்ளே குழந்தைகள் குதித்துத் தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி நீச்சல் பாதையில், மார்பளவு தண்ணீரில், ராய்ஸ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நின்று கையாட்டினான். அவன் நேராக நின்றான். மார்னி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து, இத்தனை நாள் பயமும் தீர ஒரு பாட்டம் அழுதாள்.